ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை

நான் பிறந்து வளர்ந்தது பண்டார் பாருவில். ஊரை ஒட்டி ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் கெடா மாநிலம், பாலத்தைத் தாண்டினால் பேராக். நான் படித்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆசிரியர் வேலை கிடைத்த பிறகும் பதினான்கு வருடம் அந்தப் பக்கத்துப் பள்ளியில்தான் இருந்தேன். அங்கே சனி ஞாயிறு விடுமுறை. கெடாவில் வெள்ளி சனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது நான் சேலை கட்டிக்கொண்டு தேவாலயப் பூசைக்குக் கிளம்புவேன். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அப்புறம் எனக்கே மாற்றல் வந்தது. திகாம் பத்து என்ற ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி. மொத்தம் நாற்பத்தோரு பிள்ளைகள். எனக்குக் குறைநீக்கல் வகுப்பு கொடுத்தார்கள். ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் தங்கள் வகுப்பிலிருந்து எழுந்து என் அறைக்கு வருவார்கள். வாசிக்கக் கற்றுக்கொண்டதும் திரும்பிப் போய்விடுவார்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் காரை எடுப்பதற்கு மட்டும் என் உடம்பு இன்றுவரை சம்மதிக்கவில்லை. மனத்துக்குள் ஏதோ ஒரு மூலையில் ஞாயிறு என்றால் விடுமுறை என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அதை யாராலும் பிய்க்க முடியாது போலிருக்கிறது.

பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீட்டில் நானும் தங்கையும் இருக்கிறோம். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள். அவளுக்குப் பினாங்கில் ஃபெக்டரி வேலை. அங்கே சனி ஞாயிறு லீவு. எனக்கு வெள்ளி சனி. ஒரே வீட்டில் இருந்தும் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது சனிக்கிழமை மட்டும்தான். அதனால் அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் அடைப்போம். காலையில் பாசாரில் காய்கறி, மத்தியானம் படம், சாயங்காலம் பூசை. படத்தில் சண்டையும் ரத்தமும் பார்த்துவிட்டு நேராகப் போய்த் தேவாலயத்தில் மண்டியிடுவதைப் பற்றி எங்களுக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அந்தப் பிள்ளையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். 'பார்த்தேன்' என்றால், அவள் அதற்கு முன்னால் ஒன்றரை வருடமாக என் வகுப்பில் இருந்தவள்தான். மூன்றாம் ஆண்டு, ஒன்பது வயது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாலே தலையை மேசைமேல் வைத்துவிடுவாள். அதட்டியும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று. ஒரு நாள் பொறுமையிழந்து, "ஒனக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தலையை மேசையிலிருந்து எடுக்காமலேயே இல்லை என்று அசைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபமும் போய்விட்டது. அத்தோடு சரி. ஒரு சொல்லும் வாசித்ததில்லை.

சுங்கை பட்டாணியில், பேரங்காடியின் மேல்மாடித் திரையரங்கில், எங்களுக்கு முன்வரிசையில் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். படம் ஓட ஓட, அடுத்து என்ன நடக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரும்பாலும் சரியாகவே சொன்னாள். என் வகுப்பில் வாயைத் திறக்காதவள் இவள்தானா என்று எட்டிப் பார்த்தேன். படம் முடிந்து விளக்கு போட்டார்கள். எல்லாரும் எழுந்து போன பிறகும் அவள் எழவில்லை. திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. விளக்குமாற்றோடு ஆள் வந்துவிட்டார். அம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

நான் அருகில் போய், "என்னடா பாக்குற?" என்றேன்.

டீச்சரைத் திரையரங்கில் கண்ட அதிர்ச்சியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் திரையைக் காட்டி, "எங்கம்மா பேரு வருதான்னு பாக்குறேன் டீச்சர். போன படத்துல வந்துச்சு" என்றாள்.

அம்மாவின் பெயர் பல பெண்களுக்கு இருக்கும் பெயர்தான். யாரோ ஒரு தையல்காரர் அல்லது ஒப்பனைக்காரர் பெயராக அது ஓடியிருக்கும். அதை இந்தப் பிள்ளை, மேலே ஏறி ஓடுகிற எழுத்துகளுக்கு நடுவில், கண்டுபிடித்திருக்கிறாள். எழுத்தே தெரியாது என்று நான் எழுதி வைத்திருந்த பிள்ளை. அன்றைக்குச் சாயங்காலப் பூசையில் எனக்குச் செபத்தில் கவனமே நிற்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, பள்ளி. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு அட்டையில் 'இசை' என்று பெரிதாக எழுதி அவள் முன்னால் வைத்தேன். படம் ஆரம்பிக்கும்போது இது வரும், யார் பாட்டுப் போட்டார்களோ அவர்கள் பெயருக்கு மேலே வரும் என்று சொன்னேன். தலை மேசையிலிருந்து எழுந்தது. அப்புறம் 'கதை'. அப்புறம் 'வசனம்'. இரண்டு வாரத்தில் 'ஒளிப்பதிவு' வந்துவிட்டது. 'ஒ'வையும் 'ஓ'வையும் மட்டும் கடைசிவரை மாற்றி மாற்றித்தான் சொன்னாள். பிறகு நாங்களே படம் எடுக்க ஆரம்பித்தோம். ஒரு நாளைக்கு ஒரு படம். கதை அவள் சொல்வாள், நான் நான்கு வரியில் எழுதுவேன், அவள் வாசிப்பாள். அவள் கதைகளில் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் செத்துப் போவார். பெரும்பாலும் கடன்காரச் சித்தப்பா. நான் ஒன்றும் சொல்லவில்லை, வாசித்தால் போதும்.

ஆனால் எனக்கு எதிரே மட்டும்தான் வாசித்தாள். தலைமையாசிரியர் கதவருகே வந்து நின்றாலே வாய் மூடிக்கொள்ளும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்கை அவள் முழங்கையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் குரல் வரும்.

இது ஏன் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். குறைநீக்கல் வகுப்பு மூன்றாம் ஆண்டோடு முடிந்துவிடும். அந்த வருடம் பாதியில், கல்வி இலாகாவிலிருந்து ஓர் அம்மையார் வந்து அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்பதாக இருந்தது. முந்தைய வருடமும் வந்தார். அப்போது இவள் தலையை மேசைமேல் வைத்தவள் அரைமணி நேரம் எடுக்கவேயில்லை. இந்தத் தடவையும் வாசிக்காவிட்டால் டவுனில் இருக்கும் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் பரிந்துரைத்துவிடுவார்கள். அந்த வகுப்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. அங்கே இருக்க வேண்டிய பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். இவள் அங்கே இருக்க வேண்டியவள் அல்ல, அவ்வளவுதான். அதோடு தோட்டத்திலிருந்து அங்கே போக வேன் கிடையாது. அப்பா வெளிமாநிலத்தில் லோரி ஓட்டுகிறார். அம்மாவுக்குக் கையுறை ஃபெக்டரியில் ஷிப்ட் வேலை. "அங்க போட்டா இவ வீட்லதான் டீச்சர் இருப்பா. நா எப்படி ஏத்தி எறக்குறது?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

மே மாதக் கடைசியில் தவணை விடுமுறை வந்தது. தங்கைக்கு வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. அவளே டிக்கெட் போட்டாள். திருச்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை விமானம், சாயங்காலம் கோலாலம்பூர், அங்கிருந்து ரயில், ராத்திரி வீடு. "திங்கக்கெழம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிரலாம்" என்றாள். நானும் சரி என்றேன். வெளிநாடு போக அனுமதிப் பாரத்தில் திரும்பும் நாள் ஞாயிறு என்று என் கையாலேயே எழுதினேன். தலைமையாசிரியர் வாசித்துப் பார்த்து, எனக்கு ஒரு செபமாலை வாங்கி வாருங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் இந்து. மனைவிக்காகக் கேட்டார்.

விடுமுறை நடுவில், தஞ்சாவூரில் இருக்கும்போது பள்ளியின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் அவர் செய்தி போட்டிருந்தார். பள்ளி திறக்கும் முதல் நாள் காலை பத்து மணிக்கு இலாகா அதிகாரி வருகிறார் என்று. நான் 'சரி சார்' என்று பதில் போட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மா எண்ணுக்கு ஒரு குரல் செய்தியும் அனுப்பினேன். "ஸ்கூல் தெறக்குற அன்னைக்கு ஒரு அம்மா வருவாங்க. நீ எனக்குப் படிச்சுக் காட்ற மாதிரியே படிக்கணும். டீச்சர் ஒம்பக்கத்துலயே ஒக்காந்துருப்பேன், சரியா?" சரி டீச்சர் என்று பதில் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தாலும் அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் ஊர் சுற்றினேன்.

சனிக்கிழமை காலை வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்ற வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கைப்பேசியில் அந்தப் பிள்ளையின் குரல் செய்தி வந்தது. "டீச்சர், நாளைக்கு நா சட்டப் பாக்கெட்டுல 'இசை' அட்டைய வெச்சுக்கட்டா? ஏசுவாங்களா?"

"நாளைக்கு என்ன இருக்கு? நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே" என்று தங்கையிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது, கெடாவில் பள்ளி திறப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். தங்கை முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கையிலிருந்த மெழுகுவர்த்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே ஓரமாக நின்று விமானம் தேட ஆரம்பித்தாள். ராத்திரி விமானங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. மற்றவற்றில் எதில் ஏறினாலும், எப்படி மாறினாலும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் திகாம் பத்துக்குப் போய்ச் சேர வழியில்லை.

தலைமையாசிரியரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சர், நீங்க கெடா ஸ்கூலுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சுலா" என்றார்.

"தெரியும் சார். ஆனா பாரத்துல எழுதியிருந்தேனே. நீங்களும் பாத்தீங்களே."

அவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள்தான். ஈப்போவில் இருபது வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். "பாத்தேன்" என்றார் கடைசியில். "எனக்கும் தோணலயே. ரெண்டு பேரு சேந்து இப்படி ஒரு வேலயப் பாத்து வெச்சிருக்கோம்." தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மையாருக்கு அந்த வாரம் முழுக்க மற்றப் பள்ளிகள், அதற்கப்புறம் அறிக்கையை மேலே அனுப்பிவிடுவார், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அரைமணி கழித்து முடியாது என்று செய்தி வந்தது.

இனி அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அம்மா எண்ணுக்குக் கூப்பிட்டுப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். சமாதானமாக என்னென்னவோ சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், கடைசியில் விட்டுவிட்டேன். நேராகவே சொன்னேன். "டீச்சர் தப்புப் பண்ணிட்டேன்டா. நாளைக்கு ஸ்கூல் லீவுன்னு நெனச்சுட்டேன். நா இந்தியாவுல இருக்கேன். என்னால வர முடியாது."

"ஞாயித்துக்கெழம எப்படி டீச்சர் லீவு வரும்?" என்று கேட்டாள். குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவள் பிறந்ததிலிருந்து ஞாயிறு விடுமுறையாக இருந்ததே இல்லை.

"அந்த அம்மா ஏசமாட்டாங்க. நீ நல்லா படிப்ப" என்றேன். அட்டையை வைத்துக்கொள் என்றேன். பதில் இல்லை. தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையையும் வைத்துவிட்டாளோ என்று பயமாக இருந்தது. நான் எத்தனையோ நேர்ச்சைகளைக் கேலி பேசியவள். அன்றைக்கு அந்த வரிசையில் மறுபடியும் கடைசியில் போய் நின்று, இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மறுநாள் காலை திருச்சி விமான நிலையத்தில் ஏழரை மணி. அங்கே பள்ளியில் பத்து. இட்லித் தட்டைத் தங்கை பக்கம் தள்ளினேன். தங்கை, "அக்கா, நீ இல்லாட்டி உலகமே நின்னுரும்னு நெனைக்காதலா" என்றாள். எரிச்சலாக வந்தது. நின்றுவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முழங்கை என் முழங்கையைத் தேடும், இல்லையென்றதும் குரல் அடைத்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எட்டரைக்கு விமானம் ஏறக் கூப்பிட்டார்கள். வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கும்போது தலைமையாசிரியர் அழைத்தார்.

"படிச்சிட்டா டீச்சர்" என்றார்.

வரிசையில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர் பெட்டியால் இடித்தார். "எப்படி சார்?" என்று கேட்டேன்.

அவர் சொன்னது இது. அந்த அம்மையார் வந்து உட்கார்ந்ததும் இவள் வழக்கம்போலத் தலையை மேசைமேல் வைத்துவிட்டாள். பத்து நிமிடம் போனது. அம்மையார் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். பேனாச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கி, "டீச்சர் வரலன்னு எழுதுறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவர், இல்லை, உன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்றிருக்கிறார். "டீச்சர் சொல்லித் தரலன்னு எழுதுவீங்களா?" அதற்கு அவர், நீ வாசித்தால்தானே சொல்லித் தந்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியும் என்றாராம். உடனே தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். சந்தைக்குப் போன குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி. விரலை வைத்துக்கொண்டு முழுதாக வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கினாள். முடித்துவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாள்.

"ஒங்களுக்கு ஏச்சு விழக்கூடாதுன்னு படிச்சிருக்கா" என்றார் தலைமையாசிரியர். "அப்புறம் டீச்சர், நாம ரெண்டு பேரும் விளக்கக் கடிதம் எழுதணும். அத மறந்துறாதீங்க." விமானத்தில் உட்கார்ந்த பிறகு தங்கை ஒரு கைக்குட்டையை நீட்டினாள். நான்கு மணி நேரமும் என்னைக் கேலி செய்யவேயில்லை, அதுவே அவளுக்குப் பெரிய தவம்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போனேன். அவளுக்காகத் தஞ்சாவூரில் வாங்கிய தலையாட்டிப் பொம்மை பையில் இருந்தது. என் அறையில் மற்ற மூன்று பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் வரவில்லை. காய்ச்சலோ என்று நினைத்தேன். அடுத்த அறையிலிருந்து மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அதற்குள் அவள் குரலும் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு என் அறையில் என்ன வேலை? அந்த விதியை வருடத்துக்கு நான்கு பெற்றோருக்காவது நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பசியாறும் நேரத்தில் அவளே கதவருகே வந்தாள். கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். பொம்மையைக் கொடுத்தேன். தலையைத் தட்டி ஆடவிட்டுப் பார்த்தாள்.

"நல்லா படிச்சியாமே" என்றேன்.

"ம்." பொம்மை நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், நா இனிமே இங்க வரக்கூடாதாம். எங்க வகுப்பு டீச்சர் சொன்னாங்க."

"ஆமாடா. நீ பாஸ் ஆயிட்டலா. பாஸ் ஆனவங்க அவுங்க வகுப்புலதான் இருக்கணும்."

என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன நாற்காலியைப் பார்த்தாள். இன்னொரு பிள்ளை அதில் பையை வைத்திருந்தான்.

"இத நீங்க மொதல்லயே சொல்லலயே டீச்சர்" என்றாள். "சொல்லியிருந்தா ஒரு நாலு வார்த்தய தப்பாப் படிச்சிருப்பேன்."

மணி அடித்தது. வகுப்புக்குப் போ, டீச்சர் தேடுவாங்க என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அழுதிருப்பேன்.